வாசிக்காமல் வைத்திருக்கும் கடிதம்

1

இன்று ஊரில் ஓர் அம்மாவுக்கு முப்பத்தோராம் நாள் பூசை. அவர் எனக்குச் சொந்தமில்லை, அயலும் இல்லை. என் வாழ்நாளில் அவரை ஒரே ஒரு பின்னேரம்தான் கண்டிருக்கிறேன். ஆனால் அவருடைய வீட்டுக் கூரை எந்த மூலையில் ஒழுகும் என்று எனக்குத் தெரியும். மகளுக்குப் பேசிவந்த சம்பந்தம் ஏன் குழம்பியது, யாரோடு ஏழு வருடமாகக் கதை பேச்சில்லை, இரவில் எந்தக் கால் உளையும், எல்லாம் தெரியும். அவர் என்னிடம் சொல்லித் தெரிந்ததல்ல. தன் மகனுக்கு எழுதியதை நான் வாசித்தேன்.

ஊரில் பின்னேரப் பூசை தொடங்கும்போது இங்கே மத்தியானம். நானும் இங்குள்ள கோவிலுக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தலாம் என்று வெள்ளைச் சால்வையை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். சால்வையின் நடுவில் ஐந்துசத நாணயக் குற்றி அளவுக்கு எண்ணெய்க் கறை. அதற்கு மேலே வைத்திருந்த கடித உறையிலிருந்து ஊறி இறங்கியிருக்கிறது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். சால்வையைக் கையில் வைத்தபடியே கட்டிலில் இருந்து அழுதேன்.

மகள் அனிற்றா எட்டிப் பார்த்தாள். "கழுவினால் போய்விடும் அம்மா" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். போய்விடும்தான். அதனால்தான் கழுவாமல் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்த அம்மாவின் பெயரையும் மகனின் பெயரையும் எழுதமாட்டேன். இலங்கையில் கற்பிட்டிப் பக்கம், மாம்புரியிலிருந்து தலவிலவுக்குப் போகிற வழியில் ஓர் ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கேட்காமல் எடுத்தது. அதிலும் கொஞ்சத்தைத்தான் இங்கே வைக்கிறேன், அதுவும் சரியா என்று தெரியவில்லை.

2

இங்கிலாந்தின் வடக்கே மழைக்குப் பேர்போன ஒரு நகரத்தில் இருக்கிறேன். வந்து இருபத்திரண்டு வருடம். முதலில் ஒரு பாடசாலையில் கூட்டித் துடைத்தேன். பிறகு ஒரு சிறைச்சாலையின் கந்தோர் மேசைகளுக்கு நடுவே அதே வேலை. அங்கே கடித அறையில் ஆள் போதவில்லை என்று என்னை உள்ளே எடுத்தார்கள். ஊருக்குச் சொன்னபோது "கவர்மெண்ட் வேலையாமே" என்று வாழ்த்தினார்கள். நானும் மறுக்கவில்லை.

அந்த அறையின் வேலையைச் சொல்கிறேன். கைதிக்கு வரும் கடிதம் அவர் கைக்குப் போகாது. உறையைப் பிரிப்போம். கடிதத்தை நகலெடுப்போம். நகல் கைதிக்கு, அசல் அரைக்கும் இயந்திரத்துக்கு. பிள்ளை கீறிய படமானாலும், மனைவி உதட்டுச் சாயத்தோடு முத்தம் பதித்த தாளானாலும் அதே விதிதான். வழக்கறிஞர் அனுப்பும் கடிதத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது.

விசர்க்கதையாக இருக்கிறதே என்று அவசரப்படவேண்டாம். போதைத் திரவத்தில் தாளைத் தோய்த்துக் காயவைத்து, அதில் "அன்புள்ள அப்பாவுக்கு" என்று எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே அதைத் துண்டு துண்டாகக் கிழித்துப் புகைப்பார்கள். நான் சேர்ந்த முதல் மாரியில் அப்படிப் புகைத்த ஒரு பொடியனைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோனதை என் கண்ணால் பார்த்தேன். அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். ஆகவே அந்த விதியைப் போட்டவர்களை மடையர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

ஒருநாள் என் மேலாளர் லிண்டா நாலைந்து கடித உறைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இது உன்னுடைய மொழியா?" என்று கேட்டார். தமிழ். இலங்கை முத்திரை. வாசிக்க ஆளில்லாமல் வாரக்கணக்கில் கிடந்திருக்கின்றன. வாசித்துவிட்டு, சந்தேகத்துக்கு ஒன்றுமில்லை என்று ஒரு புத்தகத்தில் கையெழுத்து வைத்தால் கடிதம் உடனே போய்விடும் என்றார். வாசித்ததை யாருக்கும் சொல்லமாட்டேன், எதற்கும் பயன்படுத்தமாட்டேன் என்று ஒரு தாளில் கையொப்பம் வாங்கினார்கள்.

நான் விருப்பத்தோடுதான் ஒப்புக்கொண்டேன். அதற்குக் காரணம் என் அண்ணன்.

3

அண்ணனைக் கடலில் பிடித்தபோது எனக்குப் பதினேழு வயது. வேறொருவரின் படகில் கூலிக்குப் போனவர். படகில் இருக்கக்கூடாத சாமான் இருந்தது. அது யாருடையது என்று விசாரித்து முடிக்கும்வரை மூன்று வருடம் விளக்கமறியலில் அடைத்து வைத்தார்கள். கடைசியில் வழக்கே போடாமல் விட்டார்கள்.

அங்கே கடிதம் பார்க்கிற அதிகாரிக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். தமிழில் எழுதினால் கிடக்கும். ஆகவே அம்மா சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில் எழுதினேன். அம்மா மூக்கைச் சிந்திச் சிந்தி அரை மணித்தியாலம் சொன்னதெல்லாம் என் பள்ளிக்கூடச் சிங்களத்தில் "நாங்கள் சுகம், நீங்கள் சுகமா" என்று இரண்டு வரியாக முடிந்துபோகும். அதை அம்மாவும் உணர்ந்திருக்கவேண்டும். நான் எழுதி முடித்ததும் தலவில கோவிலில் அன்னம்மாளுக்கு முன்னால் எரியும் விளக்கிலிருந்து மருந்துப் போத்தலில் எடுத்துவந்த எண்ணெயைப் பெருவிரலில் தொட்டு, கடிதத்தின் கீழ் மூலையில் ஒரு சிலுவை போடுவார். எங்கள் கரையில் தூரத்துக்குப் போன பிள்ளைக்கு எழுதுகிற தாய்மார் பலர் அப்படித்தான் செய்தார்கள். அண்ணன் ஒருமுறை, விடுதலையாகி வந்த ஒருவரின் கையில் தமிழில் எழுதி அனுப்பினார்: "உறையைக் கையில எடுத்ததும் அம்மாட எண்ணெய் மணம் வருது. பிறகுதான் வாசிக்கிறன்."

அண்ணனுக்கு ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தோம். அவர் உள்ளே போய் இரண்டாம் வருடம் அந்தப் பிள்ளைக்கு வேறிடத்தில் கலியாணம் முடிந்தது. அம்மா அதை எழுதச் சொன்னார், எழுதினேன். அந்த அதிகாரி கடிதத்தைத் தனியே வாசித்துவிட்டுக் கொடுக்கவில்லை. சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் கேட்க உரத்து வாசித்தார். எல்லோரும் சிரித்தார்களாம்.

அதற்குப் பிறகு அதேபோல் ஆள் கையில் அண்ணனிடமிருந்து வந்த கடிதத்தில் ஒரு வேண்டுகோள்தான் இருந்தது. "இனி வீட்டு விசயம் ஒண்டும் எழுதவேணாம். வெறும் தாள்ல எண்ணெய் மட்டும் பூசி அனுப்புங்க." மிச்சமிருந்த ஒரு வருடமும் நாங்கள் வெறும் தாளைத்தான் அனுப்பினோம். அதில் என்ன மறைத்து எழுதியிருக்கிறது என்று அவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்களாம்.

அண்ணன் இப்போது குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்கிறார். வட்ஸ்அப்பில் நான் கூப்பிட்டால் முதல் கேள்வி இதுதான்: "பக்கத்துல யாரும் நிக்கிறாங்களா?" யாருமில்லை என்று சொன்ன பிறகும் மழை, வெங்காய விலை, என் சுகம் என்று இவ்வளவுதான் கதைப்பார்.

என் அண்ணனுக்குக் கிடந்ததுபோல் இந்தத் தம்பிக்குக் கடிதம் கிடக்கக்கூடாது என்று நினைத்தேன். சிரிக்காமல் வாசிக்க ஒருத்தி இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

4

தம்பி என்று இங்கே நான் சொல்வது அந்த அம்மாவின் மகனை. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஏன் உள்ளே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். பிழை செய்தவர்தான். செய்ததை ஒப்புக்கொண்டவர்.

அந்த அம்மாவிடமிருந்து மாதத்துக்கு இரண்டு கடிதம் வரும். அப்பியாசக் கொப்பியில் கிழித்த கோடு போட்ட தாள். 'ழ' எழுதும்போது வாலை இழுத்து அடுத்த வரியைத் தொடவிடுவார். இடையில் யாரோ வாசிப்பார்கள் என்று ஒரு முகம் வைத்து எழுதுவதில்லை. மகன் பக்கத்தில் இருந்து சோறு தின்கிறான் என்ற மாதிரித்தான் எழுதுவார். "ஓடு மாத்தல்ல, மழைக்கு உன்ட கட்டிலத்தான் இழுத்து அங்கால போட்டிருக்கன்." "தங்கச்சிக்கு இத நான் சொல்லல்ல, நீயும் எழுதிராத." தங்கச்சிக்குத் தெரியாத சங்கதி எங்கேயோ ஒரு கடித அறையில் இருக்கும் எனக்குத் தெரிந்தது. உறைமேல் அவருடைய தொலைபேசி இலக்கமும் இருக்கும். நகலெடுத்து நகலெடுத்து அது எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

வீட்டில் அனிற்றா சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். கைதிகளின் உரிமையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அகராதியை வைத்து இரண்டு பின்னேரம் மினக்கெட்டு அதை வாசித்தேன். சிறைக்குப் போகிறவன் நடமாடும் சுதந்திரத்தைத்தான் இழக்கிறான், மனிதனாக இருப்பதை இழப்பதில்லை. அவனுடைய அந்தரங்கத்தில் அரசு கைவைக்கலாம், ஆனால் தேவைக்கு மேல் ஓர் அங்குலமும் போகக்கூடாது. இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தாள். நல்ல புள்ளி கிடைத்தது.

"அந்தத் தராசு எங்கேயம்மா இருக்கிறது, உங்கள் அறையிலா?" என்று பகிடியாகக் கேட்டாள். அவள் கேட்டது ஆங்கிலத்தில். நான் தமிழில் பதில் சொன்னேன். அவளுக்குப் பாதிதான் விளங்கும், எனக்கும் அவளுடையது பாதிதான் விளங்கும், எங்கள் வீட்டில் அது பழக்கம். அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. எப்போதாவது நானும் சிறைக்குள்ளே போய், அவளுக்கு என் கையால் ஒரு கடிதம் எழுதினால், அதை வாசித்துக் காட்ட ஓர் அந்நியரைத்தான் அவள் தேடவேண்டியிருக்கும். அன்று அப்படி ஒரு நினைப்பு வந்து போனது.

5

சென்ற வருடத்துக்கு முந்திய வருடம் தலவிலக் கோவில் பெருநாள் முடிந்த கையோடு ஒரு புதன்கிழமை அந்தக் கடிதம் வந்தது.

பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது. மணம். முப்பது வருடத்துக்கு முந்திய எங்கள் வீட்டு மேசை. கீழ் மூலையில் பெருவிரல் அகலத்தில் எண்ணெய்ச் சிலுவை, தாள் அந்த இடத்தில் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. லிண்டா எனக்குப் பின்னால்தான் நின்றார். கறை பட்ட தாள் வந்தால் கையுறையோடு தனிப் பையில் போடவேண்டும். சோதனை முடிவு வரும்வரை நகலும் கொடுக்கக்கூடாது. பையில் போடுமுன் வாசிக்கவேண்டியது என் கடமை, வாசித்தேன்.

"மகன், கொழும்புக்கு அனுப்பினாங்க. தொண்டைக்குள்ள வளந்திருக்காம், வெட்டி எடுக்கணுமாம். வெட்டினா உசிர் நிக்கும், குரல் நிக்காதாம். இந்த மாசக் கடைசித் திங்கக்கிழம வரச் சொல்லியிருக்காங்க. அதுக்கு முதல் நாள் ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வந்து போனுக்குப் பக்கத்துலயே இருப்பன். நீ கோல் எடு. என்ட சத்தத்த ஒருக்காக் கேட்டு வச்சுக்க. எனக்கும் உனக்கிட்ட ஒண்டு சொல்லணும். தலவில எண்ணெய் பூசியிருக்கன், தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படு."

நான் லிண்டாவிடம் சொன்னேன். இது கோவில் எண்ணெய், என் தாயும் இப்படித்தான் செய்தவர், எனக்கு இந்த மணம் தெரியும் என்றேன். எண்ணெய்க்கு ஆங்கிலத்தில் சொல் இருக்கிறது, விளக்குக்கு இருக்கிறது, ஆனால் இதைக் கடிதத்தில் ஏன் பூசவேண்டும் என்று லிண்டா கேட்டபோது பதில் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை. "நான் உன்னை நம்புகிறேன்" என்றார். "ஆனால் என் நம்பிக்கையைப் பதிய அந்தப் படிவத்தில் கட்டமில்லை." நல்ல மனுசி. ஞாயிற்றுக்கிழமை விசயத்தையும் மேலே எழுதி அனுப்பினார்.

சோதனை இயந்திரம் தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை. வெளியே ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். கடிதம் சந்தேகத்தில் இருந்ததால் ஆளும் சந்தேகத்தில். தம்பியின் அறையைக் கிளறினார்கள். உடுப்பைக் களைந்து சோதித்தார்கள். தொலைபேசியை முடிவு வரும்வரை நிறுத்திவைத்தார்கள். அங்கே கைதி வெளியே கோல் எடுக்கலாமே தவிர வெளியிலிருந்து யாரும் உள்ளே எடுக்கமுடியாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் மேலிடத்துப் பதில் வந்தது. குடும்பத்தில் அவசரம் என்றால் வைத்தியசாலை அதை எழுத்தில் உறுதிப்படுத்தவேண்டும். கொழும்பிலிருந்து, ஆங்கிலத்தில், சனிக்கிழமைக்குள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் குசினியில் அடுப்பருகே கதிரையைப் போட்டு இருந்தேன். ஊரில் பூசை முடிந்திருக்கும். அந்த அம்மா வந்து போனுக்குப் பக்கத்தில் இருப்பார். இலக்கம் எனக்கு மனப்பாடம். எடுத்து ஒரு வசனம் சொன்னால் போதும்: அவருக்கு எடுக்க விடவில்லை அம்மா, எடுக்க மனமில்லாமல் இல்லை. போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். கையெழுத்து வைத்த தாளை நினைத்தேன். வேலையை நினைத்தேன், அனிற்றாவின் படிப்பை நினைத்தேன். நான் யார் என்று அவர் கேட்டால் என்ன சொல்வேன் என்றும் நினைத்தேன். கோழிக்கறி வைத்தேன். பின்னேரமானது. ஊரில் இருட்டியிருக்கும்.

நான் எடுக்கவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு முடிவு வந்தது. தேங்காய் எண்ணெய். வேறொன்றுமில்லை. கடிதத்தை மீண்டும் என் மேசைக்கு அனுப்பினார்கள், விதிப்படி நகலெடுத்துக் கொடுக்கச் சொல்லி. எடுத்தேன். நகலில் அந்தச் சிலுவை ஒரு சாம்பல் திட்டாக விழுந்தது. அசலை நானே இயந்திரத்தில் போட்டேன். அன்று முழுக்க அந்த அறையில் தலவில மணந்தது.

6

தம்பி அழுதாரா, சத்தம் போட்டாரா, எனக்குத் தெரியாது. நான் அவரைக் கண்டதே இல்லை. அவர் எழுதிக் கொடுத்த ஒரு விண்ணப்பத்தைத்தான் கண்டேன், அதுவும் பதிலோடு சேர்ந்து எங்கள் அறைக்கு வந்ததால்.

சிறையிலிருந்து தொலைபேசியில் பேசும் ஒவ்வொரு பேச்சையும் அவர்கள் பதிவுசெய்கிறார்கள். அதைத்தான் அவர் கேட்டிருந்தார், உடைந்த ஆங்கிலத்தில். "என் தாய்க்கு இப்போது குரல் இல்லை. பெருநாளுக்கு முதல் நான் அவரோடு பேசியது உங்களிடம் இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள். எனக்கும் ஒரு பிரதி தாருங்கள்."

பாதுகாப்புப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து தகவல் பிரிவுக்குப் போய், படிவம் பிழை என்று திரும்பி, மீண்டும் போய் மாதங்கள் ஓடியபின் பதில் வந்தது. மரியாதையான கடிதம். தாயின் நிலைக்கு வருந்துவதாகத் தொடங்கியது. பதிவுகளைக் குறித்த காலத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை என்றும், கேட்கப்பட்ட பதிவு விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தபோது அழிக்கப்பட்டுவிட்டது என்றும், கைதியினதும் அவரோடு பேசுகிறவரினதும் அந்தரங்கத்தைப் பாதுகாக்கும் பொருட்டே அந்த ஏற்பாடு என்றும் சொன்னது.

அதை வீட்டில் சொன்னபோது அனிற்றா கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். "சட்டப்படி அவர்கள் செய்தது சரிதான் அம்மா" என்றாள். குரல் இறங்கியிருந்தது. பிறகு வந்து என் தோளில் தலையை வைத்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு.

அடுத்த மாதம் நான் வேலையை விட்டேன். சுகமில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

7

போன வருடம் பெருநாளுக்கு ஊருக்குப் போனேன். பெருநாள் கொடி இறங்கிய மறுநாள், சனம் கூடாரங்களைக் கழற்றிக்கொண்டிருக்க, ஓட்டோ பிடித்து அந்த வீட்டுக்குப் போனேன். முகவரியை யாரிடமும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

அம்மா நான் நினைத்ததைவிடச் சிறிய ஆள். கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி. மடியில் அப்பியாசக் கொப்பியும் பேனையும். நான் அங்கிருந்து வருகிறேன், உங்கள் மகன் இருக்கிற இடத்தில் வேலை செய்தவள் என்றேன். கண் விரிந்தது. கொப்பியில் எழுதி என் பக்கம் திருப்பினார். அதே 'ழ', அதே வால்.

"சாப்பிடுறானா மகள்? மெலிஞ்சிட்டானா?"

"நான் ஆளைக் கண்டதில்லம்மா. சுகமா இருக்கார் எண்டு மட்டும் தெரியும்."

தேத்தண்ணி கொண்டுவந்தார். பிறகு நெடுநேரம் எழுதினார். "அந்த ஞாயித்துக்கிழம இருட்டும் வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தன். சத்தம் போயிரும் எண்டு பயத்துல பகல் முழுக்க யாரோடயும் கதைக்கல்ல, அவனுக்காக மிச்சம் வச்சிருந்தன். போன் பழுது எண்டு எழுதினான். பொய். என்னோட அவனுக்குக் கோவமா?"

இதைக் கேட்கத்தான் நான் ஆறாயிரம் மைல் வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய்யை, சோதனையை, நிறுத்திய போனை. மகனில் பிழையில்லை என்பதை மூன்று தரம் சொன்னேன். பிறகு, சொல்லாமல் எழும்பியிருக்கலாம், ஆனால் சொன்னேன்.

"உங்கட காகிதமெல்லாம் வாசிச்சது நான்தானம்மா. அந்த ஞாயித்துக்கிழம உங்களுக்குக் கோல் எடுத்துச் சொல்ல எனக்கு ஏலுமா இருந்திச்சு. நம்பர் தெரியும். எடுக்கல்ல."

அம்மா என்னைப் பார்த்தார். கொப்பியில் ஒரே சொல் எழுதினார்.

"எல்லாத்தையுமா?"

"ஓம்."

கன்னம் சிவந்தது. கோபமென்றால் தாங்கியிருப்பேன். அது வெட்கம். ஆட்களுக்கு முன்னால் சேலை விலகிய பெண்ணுக்கு வரும் வெட்கம். முந்தானையை இழுத்துக் கழுத்துத் துணிக்கு மேலால் மூடிக்கொண்டார். அண்ணன் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை நான் அன்று பார்த்தேன். நான் சிரிக்காமல்தான் வாசித்தேன். அது போதாது.

கொப்பியை மூடிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரமாட்டார் என்று எழும்பினேன். உள்ளே இருந்து மேசையில் தட்டும் சத்தம் கேட்டது, இரு என்பதுபோல. அரை மணித்தியாலம் இருந்தேன். வந்தபோது கையில் ஓர் உறை. பசை இல்லை, சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டியிருந்தார். கீழ் மூலையில் ஈரம். கொப்பியைத் திறந்து எழுதிக் காட்டினார்.

"இத அவன்ட கையில குடுங்க. தபால்ல போடவேணாம். அண்டைக்குச் சொல்ல இருந்தத எழுதியிருக்கன். நீங்க வாசிக்காதீங்க மகள்."

அங்கே வேலை செய்தவர்கள் கைதிகளோடு தொடர்பு வைக்கக்கூடாது, பார்க்கப் போகிறவர்கள்கூட ஒரு துண்டுத் தாளும் கொடுக்கமுடியாது என்று அந்த முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

8

அப்போதிருந்து அது என் அலுமாரியில் இருக்கிறது. தபாலில் போட்டால் என் கதிரையில் இப்போது இருக்கிறவர் பிரிப்பார், எண்ணெய்யைக் கண்டு பையில் போடுவார், முடிவில் ஒரு சாம்பல் திட்டு தம்பிக்குப் போகும். அனிற்றாவிடம் கேட்டேன். மூன்று புத்தகம் புரட்டிவிட்டு வழியில்லை என்றாள். பிறகு, என் மகள்தானே, "திறந்து வாசித்துவிட்டு ஒட்டிவிடுங்கள் அம்மா, பிறகு அவருக்கு வாயால் சொல்லலாம், யாருக்குத் தெரியப்போகிறது" என்றாள். கட்டுரையில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளை. நான் பார்த்த பார்வையில் போய்விட்டாள். அவளுடைய போனில் யார் என்று எட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் நான் அந்தக் கிழமையோடு விட்டேன்.

போன மாதம் அந்த அம்மா போய்விட்டார். நோய் திரும்பி வந்ததாம். தம்பியை ஊருக்கு அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டார்கள். சிறைக் கோவில் சாமியாரை எனக்குத் தெரியும், வயதான ஐரிஷ்காரர். தாயின் மரணச் செய்தியைச் சொல்லப் போனவர் அவர்தான். தம்பியிடம், உங்கள் தாய் கையால் கொடுத்த ஒரு கடிதம் வெளியே ஒருவரிடம் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டு வாருங்கள் என்றேன். கடிதத்தைக் கொண்டுபோக அவருக்கும் அனுமதியில்லை. வார்த்தையைக் கொண்டுபோகலாம்.

இன்று மத்தியானம் கோவிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வெளியே வரும்போது சாமியார் எனக்குப் போன் எடுத்தார். தம்பி ஒரு கேள்விதான் கேட்டாராம்: அதை யாராவது பிரித்தார்களா?

"இல்லை என்று சொன்னேன். சரிதானே?" என்றார் சாமியார்.

"சரிதான் ஃபாதர்."

"அப்படியானால், நான் வெளியே வரும்வரை அப்படியே இருக்கட்டும் என்றார்."

தம்பி வெளியே வர இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். சால்வையைக் கழுவவில்லை, நாலாக மடித்து உறைக்குக் கீழே திரும்ப வைத்தேன். எண்ணெய் ஊறிய மூலையில் உறை கண்ணாடிபோல் ஆகிவிட்டது, உள்ளே எழுத்துத் தெரிகிறது. ஒரு 'ழ'வின் வால் தெரிகிறது. கண்ணை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.